பிக் பென் இல்லாமல் பிரிட்டனை எழுதுவது

டிசைன் படிக்கும் ஒரு மாணவியின் கேள்வி இது. பிரிட்டிஷ் பண்பாட்டையும் அன்றாட வாழ்க்கையையும் மூன்று சுவரொட்டிகளில், எழுத்துகளை மட்டும் வைத்துக் காட்ட வேண்டும் என்பது அவருடைய செமஸ்டர் வேலை. படம் கூடாது. "கிரீடம், பிக் பென், சிவப்பு பஸ் எல்லாவற்றையும் எழுத்துகளாலேயே வரைந்து, பழைய ஆங்கில கோதிக் எழுத்தில் 'டீ', 'குயீன்', 'லண்டன்' என்று போட்டுப் பார்த்தேன். விமான நிலையக் கடையில் விற்கிற காபிக் கோப்பை மாதிரி இருக்கிறது. எந்த ஃபான்ட் எடுத்தால் பிரிட்டிஷ் என்று தெரியும்?" என்று கேட்டிருக்கிறார்.

கோளாறு ஃபான்ட்டில் இல்லை, நீங்கள் எடுத்த சொற்களில் இருக்கிறது. பிரிட்டனில் சில வருடம் இருந்து எழுத்து வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அந்த ஊர்க்காரர் ஒருவர் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பி மாலை திரும்புவதற்குள் 'குயீன்' என்ற சொல்லை எங்கும் படிக்க மாட்டார். 'மைண்ட் த கேப்' (ரயிலுக்கும் நடைமேடைக்கும் நடுவே இடைவெளி, கவனம்) படிப்பார். 'நோ பால் கேம்ஸ்' (இங்கே பந்து விளையாடக் கூடாது) படிப்பார். ஆபீஸ் சமையலறையில், பால் பாக்கெட்டின் மேல் ஒட்டிய சீட்டில், "யார் என்று சொல்லவில்லை, ஆனால் இது என்னுடைய பால்" என்கிற தொனியில் யாரோ எழுதிய இரண்டு வரி படிப்பார். கடைசியில் நிச்சயம் ஒரு 'தேங்க் யூ' இருக்கும். கோபத்தின் அளவை அந்த நன்றியை வைத்துத்தான் கணக்கிட வேண்டும்.

கோதிக் எழுத்தையும் ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறேன். அது இன்று சில நாளிதழ்களின் தலைப்பிலும், சுற்றுலாப் பயணிகளுக்கான 'யீ ஓல்ட் டீ ஷாப்' பலகைகளிலும்தான் மிச்சம் இருக்கிறது. அந்த 'யீ' என்பதே அச்சுப் பிழையின் பேரன். பழைய ஆங்கிலத்தில் 'த' ஒலிக்கு 'தோர்ன்' என்று தனி எழுத்து இருந்தது. ஐரோப்பாவில் இருந்து வந்த அச்சு எழுத்துப் பெட்டிகளில் அது கிடையாது. பார்வைக்கு அருகில் இருந்த 'ஒய்' எழுத்தை வைத்து ஒப்பேற்றினார்கள். யாரும் அதை 'யீ' என்று வாசிக்கவில்லை, 'த' என்றுதான் வாசித்தார்கள். பிற்காலத்தார் அதைப் பாரம்பரியம் என்று நினைத்துக் கடைப்பலகையில் ஏற்றிவிட்டார்கள். நீங்களும் ஏற்ற வேண்டாம்.

சரி, எதைப் பிடிப்பது? எனக்குத் தெரிந்தவரை பிரிட்டனின் பொது எழுத்தில் இரண்டு குரல்கள் கேட்கும். ஒன்று, உத்தரவு போடும்போதும் தணிந்து பேசுகிற அதிகாரக் குரல். இன்னொன்று, சந்தையிலும் கடற்கரையிலும் கேலிச் சுவரொட்டியிலும் கேட்கிற சத்தக் குரல். இரண்டும் ஒன்றை ஒன்று சீண்டிக்கொண்டே இருக்கும். உங்கள் சுவரொட்டியில் அந்தச் சீண்டல் வந்துவிட்டால் போதும், கிரீடம் தேவையில்லை.

இதற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் ஒரு சின்னப் பலகை. வீட்டு வாசலில் வண்டி நிறுத்தாதே என்று சொல்ல, நீலப் பின்னணியில் வெள்ளைக் கேபிடல் எழுத்தில் 'பொலைட் நோட்டீஸ்' என்று போட்டிருப்பார்கள். பணிவான அறிவிப்பு என்று பொருள். ஆங்கிலத்தில் 'பொலைட்' என்று எழுதுவதற்கும் 'போலீஸ்' என்று எழுதுவதற்கும் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம்: 'டி' இருக்கும் இடத்தில் 'சி'. அந்த நீலமும், அந்தத் தடித்த எழுத்தும், அந்த வரிசையும் எல்லாம் போலீஸ் பலகையின் சாயல். ஓட்டுநர் ஒரு கணம் 'போலீஸ் நோட்டீஸ்' என்று படித்துப் பதறி, அப்புறம் 'அட, பொலைட்' என்று கண்டுகொள்வார். அதற்குள் வண்டி நகர்ந்திருக்கும். குதிரை ஓட்டுபவர்கள் அணியும் மஞ்சள் மேல்சட்டையின் முதுகிலும் இதே தந்திரம் உண்டு. போலீஸ் என்று பொய்யாக எழுதினால் வம்பு, பணிவு என்று எழுதினால் யார் கேட்க முடியும்? மரியாதையையே மிரட்டலாக மாற்றும் இந்த வேலையை ஒரு படமும் செய்ய முடியாது. எழுத்தால்தான் முடியும். உங்களுக்குக் கொடுத்த தலைப்பின் முழு விடையும் எனக்கு அந்த ஒரு எழுத்தில் இருக்கிறது.

தணிந்த குரலின் கதை லண்டன் பாதாள ரயிலில் இருந்து தொடங்குகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலையச் சுவர் முழுக்க விளம்பரம். நிலையத்தின் பெயர் எது, சோப்பின் பெயர் எது என்று பயணிக்குத் தெரியவில்லை. அந்த நிறுவனத்தில் விளம்பரப் பொறுப்பில் இருந்த ஃபிராங்க் பிக், 1913ல் எட்வர்ட் ஜான்ஸ்டன் என்ற எழுத்துக் கலைஞரை அணுகினார். ஜான்ஸ்டன் பட்டை நிப்பும் மையும் வைத்துக் கையால் எழுதுவதைக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தவர். இயந்திர வேகத்தில் ஓடுகிற ரயிலுக்கு எழுத்து போட, பேனா பிடிக்கிறவரைத் தேடிப் போனதுதான் இதில் அழகு. 1916ல் எழுத்து தயாரானது. பழைய ரோமானியக் கல்வெட்டுக் கேபிடல்களின் விகிதத்தை எடுத்துக்கொண்டு, முனைகளில் இருக்கும் சின்ன வால்களை எல்லாம் நீக்கிவிட்டார். 'ஓ' ஏறக்குறைய முழு வட்டம். சின்ன 'ஐ', 'ஜே' எழுத்துகளின் தலைப்புள்ளி மட்டும் வட்டமில்லை, சாய்சதுரம். பட்டை நிப்பைச் சாய்த்து ஒரு முறை அழுத்தினால் விழும் வடிவம் அது. இன்றும் லண்டன் ரயிலிலும் பஸ்ஸிலும் அந்தப் புள்ளியைப் பார்க்கலாம். அவ்வளவு ஒழுங்கான எழுத்துக்குள் ஒரு மனிதனின் கை ஒளிந்திருக்கிறது.

எழுபதுகளின் கடைசியில் ஜப்பானில் இருந்து வந்த எய்இச்சி கோனோ என்பவர் அதைப் புதிய தேவைகளுக்கு ஏற்பத் திருத்தினார். நூறாவது வருடமான 2016ல் மறுபடி ஒரு திருத்தம். அப்போதுதான் ஹேஷ்டேக் குறியும் மின்னஞ்சல் 'அட்' குறியும் சேர்ந்தன. ஜான்ஸ்டன் பிறந்தது உருகுவேயில் என்பதையும் சொல்லிவைக்கிறேன். 'அசல் பிரிட்டிஷ்' என்று எதையாவது தோண்டினால் பெரும்பாலும் வெளியூர் வேர்தான் வரும்.

ஜான்ஸ்டனிடம் படித்தவர் எரிக் கில். அவர் பெயரிலேயே வந்த 'கில் சான்ஸ்' 1928ல் வெளியானது. ரயில் கால அட்டவணை, 1935ல் ஆறு பென்ஸுக்கு வந்த பெங்குவின் புத்தகங்களின் அட்டை, பிற்பாடு பிபிசியின் லோகோ என்று எங்கும் பரவியது. பிரிட்டிஷ் எழுத்து என்றால் உடனே கை போவது இதற்குத்தான். எடுக்கும் முன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். கில் தன் மகள்களையே பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கியவர் என்பது 1989ல் வந்த வாழ்க்கை வரலாற்றின் மூலம் வெளியே தெரிந்தது. அவர் எழுத்தைப் பயன்படுத்தலாமா என்ற வாக்குவாதம் அங்கே இன்னும் ஓயவில்லை. பயன்படுத்தக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் 'இனிமையான பழைய பிரிட்டன்' என்பதற்கு அடையாளமாக அதை எடுத்தால், விவரம் தெரிந்த ஆசிரியர் ஒருவர் உங்களை நிச்சயம் கேள்வி கேட்பார்.

அதைவிட எனக்குப் பிடித்தது சாலைப் பலகைகளின் கதை. ஐம்பதுகளில் பிரிட்டிஷ் சாலைப் பலகைகள் ஒரே குழப்பம். ஹெர்பர்ட் ஸ்பென்சர் என்ற வடிவமைப்பாளர் 1961ல் லண்டன் நகருக்குள் இருந்து விமான நிலையம் வரை போகும் வழியில் இருந்த பலகைகளைப் படம் எடுத்துப் பத்திரிகையில் போட்டார். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. 1958 டிசம்பரில் நாட்டின் முதல் மோட்டார் சாலை, அதாவது அதிவேக நெடுஞ்சாலை, பிரெஸ்டன் நகருக்கு வெளியே திறந்தபோதே வேகம் மாறிவிட்டது. அந்த வேகத்தில் படிக்கக் கூடிய எழுத்தை உருவாக்கும் வேலை ஜாக் கின்னியரிடம் வந்தது. அவர் தன் மாணவி மார்கரெட் கால்வெர்ட்டை உதவிக்கு அழைத்துக்கொண்டார். கால்வெர்ட் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர் (வெளியூர் வேர் என்று சொன்னேன் அல்லவா).

ஊர்ப் பெயரை முழுக்கக் கேபிடலில் எழுதுவதை விட்டுவிட்டு முதல் எழுத்தை மட்டும் பெரிதாக்கி மற்றதைச் சின்ன எழுத்தில் போட்டார்கள். கேபிடலில் எழுதினால் எல்லா ஊரும் ஒரே செவ்வகம். சின்ன எழுத்தில் மேலே நீளும் கொம்பும் கீழே இறங்கும் வாலும் சேர்ந்து ஒவ்வொரு பெயருக்கும் ஒரு நிழல் உருவம் வந்துவிடுகிறது. தூரத்தில் வரும் ஆளை முகம் தெரியும் முன்பே நடையை வைத்துக் கண்டுபிடிப்போமே, அது மாதிரி.

இதற்கு எதிர்ப்பும் வந்தது. டேவிட் கிண்டர்ஸ்லி என்ற கல்வெட்டுக் கலைஞர், கில்லிடம் வேலை கற்றவர், முழுக் கேபிடலில், வால் வைத்த எழுத்துதான் சிறந்தது என்று சண்டைக்கு வந்தார். தானே ஒன்றை வரைந்தும் காட்டினார். சரி, சோதித்துப் பார்க்கலாம் என்று ஆக்ஸ்ஃபோர்டுஷைரில் உள்ள பென்சன் விமானத் தளத்தில் தன்னார்வலர்களை மேடையில் உட்காரவைத்து, கூரையில் பலகை கட்டிய காரை அவர்களை நோக்கி ஓட்டினார்கள். கிண்டர்ஸ்லியின் எழுத்து சற்றே கூடுதல் தூரத்தில் படிக்க முடிந்ததாக முடிவு வந்தது. வித்தியாசம் மிகச் சொற்பம் என்பதால், பார்வைக்கு நன்றாக இருப்பதை வைத்துக்கொள்ளலாம் என்று கின்னியர், கால்வெர்ட் எழுத்தையே தேர்ந்தெடுத்தார்கள். ஒரு அரசாங்கம் 'அழகு' என்பதைக் காரணமாகச் சொல்லி ஒரு முடிவு எடுத்தது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் சந்தோஷமாக இருக்கும்.

புதிய பலகைகள் 1965 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தன. எழுத்தின் பெயர் 'ட்ரான்ஸ்போர்ட்'. மோட்டார் சாலைக்கு நீலம், முக்கியச் சாலைக்குப் பச்சை, உள்ளூர்ச் சாலைக்கு வெள்ளை. பலகைகளில் வரும் உருவங்களும் பெரும்பாலும் கால்வெர்ட் கைவண்ணம். உறவினர் பண்ணையில் இருந்த பசுவைப் பார்த்து மாட்டுப் பலகை வரைந்தார். அதன் பெயர் பேஷன்ஸ், அதாவது பொறுமை. பள்ளிக் குழந்தைகள் பலகைதான் இதில் நுட்பமானது. பழைய பலகையில் தொப்பி வைத்த, பையோடு போகிற வசதியான பள்ளிப் பையன் ஒரு சின்னப் பெண்ணைக் கூட்டிப் போவான். கால்வெர்ட் அதைத் திருப்பிப் போட்டார். பெண் முன்னால், கையைப் பிடித்துக்கொண்டு பையன் பின்னால், தொப்பியும் இல்லை. அந்தப் பெண்ணுக்குத் தன்னுடைய சிறுவயது உருவத்தையே மாதிரியாக வைத்துக்கொண்டார். வர்க்கம் என்பது அந்த நாட்டில் தேநீரில் பால் கலந்த மாதிரி எல்லாவற்றிலும் கலந்திருக்கும். அதை ஒரு முக்கோணப் பலகையில் இருந்து சத்தமில்லாமல் வடிகட்டி எடுத்தார் அவர். (சாலைப் பணி நடக்கிறது என்ற பலகையைப் பற்றி மட்டும் எல்லோரும் ஒரே கேலி செய்வார்கள்: மண் அள்ளுகிற ஆள், விரிய மறுக்கும் குடையோடு மல்லுக்கட்டுவது மாதிரியே இருப்பார். மழை நாட்டுக்குப் பொருத்தம்தான்.)

இதே இருவர் மருத்துவமனைக்கும் பிரிட்டிஷ் ரயிலுக்கும் இன்னொரு எழுத்து செய்தார்கள், 'ரெயில் ஆல்ஃபபெட்' என்று பெயர். ட்ரான்ஸ்போர்ட்டின் புதுப்பதிப்பு 2012 முதல் அரசாங்க இணையதளத்தில் இருக்கிறது. பிறப்பைப் பதிவதற்கும் வரி கட்டுவதற்கும் ஓட்டுநர் உரிமத்துக்கும் அதே சாயல் எழுத்து. ஒரு நாட்டு மக்கள் வாழ்நாள் முழுக்க ஏறக்குறைய ஒரே குரலில் அரசாங்கம் பேசுவதைக் கேட்கிறார்கள்.

இதற்கு நேர் எதிர் அந்தச் சத்தக் குரல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டன் எழுத்து வார்ப்படசாலைகள் தடித்த, வயிறு புடைத்த விளம்பர எழுத்துகளைப் போட்டி போட்டு வார்த்தன. வால் இல்லாத அச்சு எழுத்தை முதலில் விற்பனைக்கு வைத்ததும் அங்கேதான், 1816ல், கேஸ்லன் குடும்பத்து வார்ப்படசாலையில். நாடக நோட்டீஸ், ஏல நோட்டீஸ், காணாமல் போன குதிரை நோட்டீஸ் எல்லாவற்றிலும் வரிக்கு ஒரு எழுத்து வகை. இடம் இருக்கிற அளவுக்கு ஊதியோ நசுக்கியோ போடுவார்கள். இந்த மரபு பப் கண்ணாடியிலும், கால்வாய்ப் படகுகளின் பக்கவாட்டில் நிழல் வைத்து எழுதும் பெயர்களிலும், சந்தைக் காய்கறி மேல் குத்திவைக்கும் அட்டையிலும் இன்னும் உயிரோடு இருக்கிறது.

காய்கறி அட்டை என்றதும் அப்பாஸ்ட்ரஃபி வந்துவிடும். உடைமையைக் காட்ட எழுத்துக்கு மேலே போடும் அந்தச் சின்னக் கொம்பைத் தேவையில்லாத இடத்தில் போட்டால் அதற்குப் பெயரே 'காய்கறிக்காரர் அப்பாஸ்ட்ரஃபி'. படித்தவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். 2009ல் பர்மிங்காம் நகராட்சி தெருப் பலகைகளில் அதையே போடுவதில்லை என்று முடிவு செய்தபோது நாடெங்கும் கூச்சல். 2014ல் கேம்பிரிட்ஜ் அதே மாதிரி அறிவித்தது. சிலர் மார்க்கர் பேனாவுடன் போய்த் தாங்களே பலகையில் கொம்பு வரைந்துவிட்டு வந்தார்கள். நகராட்சி பின்வாங்கியது. லண்டனில் பிக்காடில்லி ரயிலில் போனால் 'ஏர்ல்ஸ் கோர்ட்' நிலையத்துக்குக் கொம்பு உண்டு, அடுத்து வரும் 'பேரன்ஸ் கோர்ட்' நிலையத்துக்குக் கிடையாது. யாரும் சரிசெய்யப் போவதில்லை. ஒரு சுவரொட்டி முழுக்க ஒரே ஒரு அப்பாஸ்ட்ரஃபி, இடம் தெரியாமல் அலைவது போல வைத்தால், பிரிட்டனில் வாழ்ந்தவர் யாராக இருந்தாலும் சிரிப்பார்.

சத்தக் குரலின் உச்சம் 1977. ராணியின் வெள்ளி விழா வருடம். ஜேமி ரீட் என்ற கலைஞர் செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் இசைத்தட்டு உறைக்கு, ராணியின் படத்தில் கண்ணும் வாயும் இருக்கும் இடத்தைக் கிழித்து, நாளிதழில் இருந்து வெட்டிய எழுத்துகளை ஒட்டினார். ஆள் கடத்துகிறவன் அனுப்பும் மிரட்டல் கடிதம் மாதிரி. ஜான்ஸ்டனும் கால்வெர்ட்டும் கட்டிக்காத்த ஒழுங்குக்கு அது நாக்கைத் துருத்திக் காட்டியது. அந்த ஒழுங்கு இல்லாவிட்டால் அந்தக் கிழிசலுக்கும் வீரியம் இருந்திருக்காது.

எழுத்தை நாக்கில் வைத்தே பார்க்க வேண்டுமென்றால் பிளாக்பூல் ராக். கடற்கரை ஊர்களில் விற்கும் குச்சி மிட்டாய். குறுக்கே எங்கே உடைத்தாலும் ஊர்ப் பெயர் தெரியும், கடைசிக் கடி வரை. இது அச்சடிப்பதில்லை, அடுக்குவது. சர்க்கரைப் பாகைக் காய்ச்சி, ஒரு பகுதியை ஜவ்வு மிட்டாய் மாதிரி இழுத்து இழுத்துக் காற்றேற்றி வெள்ளையாக்குவார்கள். இன்னொரு பகுதிக்கு நிறம் சேர்த்துப் பட்டைகளாக வெட்டுவார்கள். நிறப் பட்டை எழுத்தின் கோடு, வெள்ளைப் பட்டை இடைவெளி. ஒவ்வொரு எழுத்தையும் நீளக் கட்டையாகக் கட்டி, நடுவில் இருக்கும் வெள்ளை உருளையைச் சுற்றி நிற்கவைத்து, மேலே ரோஸ் நிறப் போர்வை சுற்றினால் மரக்கட்டை கனத்துக்கு ஒரு உருளை. அதை உருட்டி இழுக்க இழுக்க, கைப்பிடி அளவு எழுத்து அரிசி அளவுக்குச் சுருங்கிவிடும், வடிவம் மாறாமல். பாகு சூடாக இருக்கும்போது எழுத்து தன் கனத்தில் தானே தொய்யும் என்பதால், 'ஈ', 'பி' போன்ற சதுர எழுத்துகளை முதலில் செய்வார்கள். 'ஓ', 'சி' போன்ற உருண்டை எழுத்துகளைக் கடைசியில்தான் செய்வார்கள். உடைத்த துண்டின் ஒரு முனையில் பெயர் நேராகத் தெரியும், மறுமுனையில் கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பியிருக்கும். ஒருவரின் குணம் உள்ளே ஆழம் வரை ஊறியிருக்கிறது என்று சொல்ல, 'ராக் மிட்டாய் எழுத்து மாதிரி' என்றே அங்கே ஒரு வழக்கு உண்டு.

இன்னொரு கேள்வியை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும்: எந்த பிரிட்டன்? உங்கள் மூன்று சொற்களும் லண்டன் சொற்கள். 1952ல் எடின்பரோவின் இன்ச் என்ற குடியிருப்பில் புதுத் தபால் பெட்டி வைத்தார்கள். அதில் புது ராணியின் முத்திரை: 'ஈ', ரோமன் இரண்டு, 'ஆர்'. ஸ்காட்லாந்துக்கு முதலாம் எலிசபெத் என்று ஒரு ராணி இருந்ததே இல்லை, அப்புறம் இரண்டாமவர் எங்கிருந்து வந்தார் என்று ஊர் கொதித்தது. பெட்டியைச் சிதைத்தார்கள், 1953 பிப்ரவரியில் வெடிவைத்தே தகர்த்துவிட்டார்கள். பிறகு ஸ்காட்லாந்தில் வைத்த தபால் பெட்டிகளில் எழுத்தே இல்லை, ஸ்காட்லாந்துக் கிரீடம் மட்டும். வெடிகுண்டு வரை போன எழுத்து வடிவமைப்பு விவாதம் வேறு எனக்குத் தெரியாது.

வேல்ஸில் அறுபதுகளின் கடைசியில் மொழி ஆர்வலர்கள் ஆங்கிலம் மட்டும் இருந்த பலகைகளின் மேல் பச்சைப் பெயின்ட் அடித்தார்கள். இந்த வகைப் போராட்டத்தைத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. போராட்டம் வென்றது, இன்று பலகைகளில் இரண்டு மொழியும் உண்டு. அதில் ஒரு பலகை உலகப் புகழ் பெற்றது. 2008ல் ஸ்வான்சீ நகராட்சி, கனரக வாகனங்கள் வரக் கூடாது என்ற ஆங்கில வரியை மொழிபெயர்க்க மின்னஞ்சல் அனுப்பியது. உடனே வேல்ஷ் மொழியில் பதில் வந்தது. அதை அப்படியே பலகையில் பொறித்து நட்டுவிட்டார்கள். அது என்னவென்றால், "நான் இப்போது அலுவலகத்தில் இல்லை. மொழிபெயர்க்க வேண்டியதை அனுப்பிவையுங்கள்." இரண்டு மொழியும் ஒரே அளவில், ஒரே எழுத்தில், அவ்வளவு நேர்த்தியாக அச்சாகியிருந்தது. வடிவம் சரியாக இருந்தால் உள்ளடக்கத்தை யாரும் படிப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

அப்புறம் கிழக்கு லண்டன். ஒயிட்சாப்பல் நிலையத்தில் 2022 முதல் வங்காள எழுத்திலும் பெயர்ப்பலகை இருக்கிறது. மேற்கே சௌத்தால் நிலையத்தில் பஞ்சாபி மொழியின் குர்முகி எழுத்து. மறுபடி கிழக்கே வந்து ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட்டில் நடந்தால் நகைக்கடை, மளிகைக்கடை, உணவகப் பலகைகளில் தமிழ் தெரியும். ஆங்கிலப் பெயருக்குத் தடித்த எழுத்து, கீழே தமிழுக்குக் கணினியில் கிடைத்த ஏதோ ஒன்று, இழுத்து நீட்டியது. அழகாக இருக்காது. ஆனால் இன்றைய பிரிட்டனின் அன்றாடம் அதுவும்தான், கோதிக் எழுத்தைவிட நிச்சயம் அன்றாடம்.

'கீப் காம் அண்ட் கேரி ஆன்' (பதறாமல் வேலையைப் பார்) என்கிற போர்க்காலச் சுவரொட்டி வேண்டாம் என்று நான் சொல்லாமலே உங்களுக்குத் தெரிந்திருக்கும். காரணத்தை மட்டும் சொல்கிறேன். 1939ல் போருக்காக 24 லட்சத்துக்கும் மேல் அச்சடித்தார்கள். குண்டுவீச்சு நேரத்துக்கு என்று ஒதுக்கிவைத்து, கடைசியில் சுவரில் ஒட்டாமலே பெரும்பாலானவற்றைக் காகிதக் கூழுக்கு அனுப்பிவிட்டார்கள். 2000ல் வட இங்கிலாந்தின் ஆல்னிக் ஊரில் ஒரு பழைய புத்தகக் கடைக்காரருக்கு ஏலத்தில் வாங்கிய பெட்டிக்குள் ஒரு பிரதி கிடைத்தது. அதன் பிறகுதான் கோப்பை, துண்டு, கால்மிதி எல்லாம். போர்க்கால மக்களில் அநேகமாக யாரும் பார்க்காத ஒன்று போர்க்கால நினைவாக விற்கிறது.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்வேன் என்று கேட்டால், முதல் சுவரொட்டிக்கு அந்த பொலைட் நோட்டீஸ். நீலம், வெள்ளை, ஒரு எழுத்து மாற்றம். பக்கத்தில் நின்றால் ஒரு மாதிரி, பத்தடி தள்ளி நின்றால் வேறு மாதிரி படிக்க வேண்டும். எழுத்து இடைவெளியை மில்லிமீட்டர் மில்லிமீட்டராகச் சரிசெய்ய வேண்டிவரும், நாலைந்து நாள் போகும்.

இரண்டாவதுக்கு வானிலை. பிபிசி ரேடியோ 4ல் கப்பல்களுக்கான வானிலை அறிக்கை படிப்பார்கள், 31 கடற்பகுதிகளின் பெயரை வரிசையாகச் சொல்லி. வைக்கிங், ஃபார்ட்டீஸ், டாகர், ஜெர்மன் பைட், லண்டி, ஃபாஸ்ட்நெட், ராக்கால். பொதுவாக 350 சொற்களுக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. கடலையே பார்க்காதவர்களும் நள்ளிரவில் இதைக் கேட்டுக்கொண்டு தூங்குவார்கள், தாலாட்டு மாதிரி. 'நல்லது, அவ்வப்போது மோசம்' என்பது அதில் வரும் ஒரு சொற்றொடர், பார்வைத் தெளிவைக் குறிப்பது. அந்த ஊர்க்காரரிடம் நலம் விசாரித்தாலும் ஏறக்குறைய அதே பதில்தான் வரும். 31 பெயர்களையும் வரைபடம் இல்லாமல், அவற்றின் இடத்தில் மட்டும் வைத்து, மூடுபனி இருக்கும் இடத்தில் மையைக் குறைத்துக்கொண்டே போங்கள். நடுவில் எழுத்தே இல்லாத வெற்றிடமாகத் தீவு தானே தெரியும்.

மூன்றாவதை உங்களுக்கே விடுகிறேன். மிட்டாயா, அப்பாஸ்ட்ரஃபியா, ஈஸ்ட் ஹாம் பலகையா, எது மனதில் ஒட்டுகிறதோ அது. மூன்றிலும் ஒரே ஃபான்ட் குடும்பம் போட வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. முதல் இரண்டும் தணிந்த குரல் என்பதால் இது சத்தமாக இருக்கட்டும்.

அச்சுக்கு அனுப்பும் முன் சில சில்லறை விஷயங்கள். பிரிட்டிஷ் புத்தக மரபில் மேற்கோளுக்கு ஒற்றைக் குறி முதலில், இரட்டைக் குறி அதற்குள். 'மிஸ்டர்', 'டாக்டர்' என்பதன் சுருக்கங்களுக்குப் பின்னால் புள்ளி வைப்பதில்லை. தேதியில் நாள் முதலில், மாதம் அப்புறம். 'கலர்' என்று எழுதினால் 'யு' உண்டு. தபால் பெட்டிச் சிவப்பு வேறு, பஸ் சிவப்பு வேறு என்று நினைத்து இரண்டையும் நேரில் எடுத்த படங்களில் ஒப்பிட்டுப் பாருங்கள், திரையில் வரும் சிவப்பை நம்ப வேண்டாம். இவற்றில் ஒன்று பிசகினாலும் பார்ப்பவர்கள் அமெரிக்கா என்று நினைத்துவிடுவார்கள், அதற்குக் கோதிக் எழுத்தே தேவலை. முதலில் வெறும் சொற்களை ஒரு தாளில் கையால் எழுதி அனுப்புங்கள், ஃபான்ட் பேச்சை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.